பச்சைக் காற்றில் வாடிய கோப்பி

"கொட்டு சுமலதா, ட்ரம்மு காஞ்சு கெடக்குது, அந்த மூட்டையப் பிரிச்சு—"

"மூட்டையில கை வச்சுப் பாரு, அப்புறம்—"

"ஏனுங்கக்கா, நான் பேசிட்டு இருக்கறப்பவே குறுக்க குறுக்க—"

"நீங்க பேசுனதை நேத்தே கேட்டாச்சு முதலாளி. ஊரே கேட்டாச்சு. இன்னிக்கு என் முறை."

"கேஸ் எரியுதுங்க! வெறும் ட்ரம்மு சுத்துதுங்க!"

"எரியட்டும். சுத்தட்டும்."

சொன்ன கையோடு காத்தாயி அந்த மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மூட்டை ஐம்பது கிலோ. அவள் அதைவிட நாலைந்து கிலோ கூட இருப்பாள். இரண்டையும் சேர்த்துத் தூக்க அங்கே ஆளில்லை என்பதை உள்ளே நுழைந்தபோதே பார்த்து வைத்திருந்தாள். முதலாளி கருணாகரன் ஒருவர், மெஷினில் வறுக்கிற சுமலதா ஒருத்தி, அவ்வளவுதான். பாக்கெட் ஒட்டுகிற பெண் லீவு. காத்தாயி முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, கால் இரண்டையும் சேர்த்து வைத்து, பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்தவளைப் போல வசதியாக அமர்ந்தாள்.

குன்னூர் ரயிலடிக்கு மேலே ஏறுகிற சாலையில், ஒரு காலத்தில் ஏலத் தேயிலைக்குச் சாம்பிள் அடுக்கி வைத்திருந்த பழைய கட்டடம் அது. கோயமுத்தூரில் அப்பா வைத்திருந்த காப்பித்தூள் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுக் கருணாகரன் இங்கே வந்து ஏழு வருடமாகிறது. சிறு தோட்டக்காரர்களைத் தேடிப் போய் நல்ல கொட்டையாக வாங்குவார். ஒவ்வொன்றையும் அதனதன் பக்குவத்துக்கு வறுத்து, விளைந்த ஊரின் பெயரைப் பாக்கெட்டில் போட்டு விற்பார். வகை சேராத கொட்டைக்கு இன்னொரு வழி இருந்தது. அதையெல்லாம் ஒன்றாகக் கொட்டி, எண்ணெய் கசியக் கருக்கி, சிக்கரி கலந்து தம்பி கடைக்குக் கீழே அனுப்பிவிடுவார். காத்தாயி போன வாரம் கொண்டுவந்து போட்ட நாலு மூட்டையும் போக இருந்தது அந்த இரண்டாவது வழியில்.

"தேயிலை வாடை அடிக்குதுங்கக்கா. பச்சைக் கொட்டையை மோந்து பார்த்தேன், நெம்பத் தெளிவா அடிக்குது. முப்பது வருசமா காப்பிக்கொட்டை மோக்கற மூக்குங்க இது."

"மூக்கை வச்சா கோப்பி குடிக்கிறாங்க?"

சுமலதா சட்டென்று மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

காப்பியைக் காத்தாயி கோப்பி என்றுதான் சொல்லுவாள். ஆறு வயதில் அப்பா அம்மாவோடு கப்பலேறி வந்து இறங்கியவள். கண்டிப் பக்கத்துத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டை விட்டு நெல்லியாளம் தோட்டத்து லயத்துக்கு வந்ததில் மாறியது மழை ஒன்றுதான் என்பாள். அன்றிலிருந்து பறித்தது முழுக்கத் தேயிலைக் கொழுந்து. கோப்பிச்செடியை அவள் கிட்டத்தில் பார்த்ததே நாலு வருடத்துக்கு முன்னால்தான்.

"எந்தச் சாக்குல போட்டு வெச்சீங்க? தேயிலைச் சாக்குதானே? உண்மையச் சொல்லிப்போடுங்க, கோவிச்சுக்க மாட்டேன்."

"புதுச் சாக்கு. கடையில வாங்குனது. சீட்டைக்கூடக் கிழிக்கல, பாருங்க."

"அப்பறம் வாடை எங்கிருந்துங்க வந்துச்சு?"

காத்தாயி ஜன்னலைப் பார்த்தாள். "அது கோப்பிக்குத்தான் தெரியும்."

"அட என்ற கெரகமே!" என்று கருணாகரன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "வாங்க மாட்டேன்னா சொன்னேன்? எடுத்துக்கறேன்னுதானே சொல்றேன். பிளண்டுல போயிரும். யாருக்கும் நட்டமில்லை. கெளம்புங்க, ரெண்டு மணி பஸ்ஸைப் புடிச்சா பொழுதோட ஊடு போய்ச் சேர்ந்துக்கலாம்."

"போன வருசம் பந்தலூர் மீட்டிங்குல மைக்கைப் பிடிச்சு என்னா சொன்னீங்க? சிவப்பா மட்டும் பறிச்சுக் குடுங்க, உங்க ஊரு பேருலயே பாக்கெட்டு போடறேன்னு சொன்னீங்களா இல்லையா?"

"சொன்னேனுங்க."

"பச்சை ஒண்ணு, அரைப்பழம் ஒண்ணு இந்த மூட்டையில இருந்தா எடுத்துக் காட்டுங்க. ரெண்டு இலையும் ஒரு மொட்டும் தெரிஞ்சு ஒடிக்கிற கை இது. சிவப்பு எது பச்சை எதுன்னு எங்களுக்கு ஒருத்தன் வந்து சொல்லணுமா?"

"கொட்டை நல்ல கொட்டைதானுங்க. வாடைதான் கெடுத்துப்போட்டுது."

"குடிச்சுப் பாத்தீங்களா?"

கருணாகரன் குடித்துப் பார்த்திருக்கவில்லை. அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. மூக்குத் தேர்வில் தோற்ற கொட்டை அவர் மேசைக்கு வராது. கெட்டதை ஒருமுறை நாக்கில் வைத்துவிட்டால் அன்றைக்கு முழுக்க நல்லதன் ருசி தெரியாது என்பது அவர் கணக்கு. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சுமலதாவுக்கு அவர் சொன்ன முதல் பாடம் அதுதான். ஆறு வருடமாக அவளும் தலையாட்டிக்கொண்டுதான் இருக்கிறாள்.

நேற்றுச் சாயங்காலம் இவருடைய போன் வந்தபோது காத்தாயி லயத்துத் தண்ணீர்க் குழாயடியில் இருந்தாள். பதினோரு வீட்டுக்காரர்களும் அங்கேதான் இருந்தார்கள். நல்ல சேதி வரப்போகிறது, எல்லோரும் கேட்கட்டும் என்று இவளே ஸ்பீக்கரைப் போட்டாள். "கழிவுச் சரக்காட்ட இருக்குதுங்க, கலவைக்குத்தான் ஆகும்" என்று குழாயடி முழுக்கக் கேட்டது. குடத்தில் தண்ணீர் நிரம்பி வழிந்து ஓடியது. குழாயை மூட ஒருவருக்கும் கை வரவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாதான் குழாயை மூடினாள்.

"அப்ப சரி. இஞ்சிக்காரனை வரச் சொல்லிருவோம்" என்றாள்.

இஞ்சிக்காரன் இரண்டு வருடமாகச் சுற்றிச் சுற்றி வருகிறான். வீட்டுக்குப் பின்னால் ஆளுக்கொரு துண்டு நிலம். மொத்தத்தையும் குத்தகைக்குக் கொடுத்தால் சித்திரையில் இஞ்சி போட்டுவிடுவான். போடுவதற்கு முன்னால் கோப்பிச்செடியை வேரோடு பிடுங்கிவிடுவான். நாலு வருடம் குழந்தைக்கு ஊட்டுவதுபோலத் தண்ணீர் ஊற்றி வளர்த்த செடி. முதல் காய்ப்பே இந்த வருடம்தான். "ஒரு காய்ப்பைப் பாத்துட்டுப் பேசுங்கடி" என்று பதினோரு வீட்டையும் பிடித்து நிறுத்தி வைத்தவள் காத்தாயி. இப்போது ஒரு காய்ப்பைப் பார்த்தாகிவிட்டது. சனிக்கிழமை இஞ்சிக்காரன் வருகிறான். இன்றைக்கு வியாழன்.

அதனால்தான் விடிவதற்கு முன்னால் முதல் பஸ் ஏறி, கூடலூரில் ஒன்று, ஊட்டியில் ஒன்று என்று மாறி மாறி வந்து இந்த மூட்டையின் மேல் உட்கார்ந்திருக்கிறாள்.

வாடை எங்கிருந்து வந்தது என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. மார்கழியில் பழம் பறித்து முற்றத்தில் தார்ப்பாயில் பரப்பிய மறுநாள், கேட்காத மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் விடவில்லை. மூன்றாம் நாள் பழத்தைக் கையில் அள்ளினால் பிசுபிசுத்தது. இன்னும் ஒரு நாள் போனால் பூசணம் பூத்துவிடும். அந்த நேரத்தில் பக்கத்துத் தேயிலை ஃபேக்டரியில் கொழுந்து அரைக்கிற மெஷினின் மோட்டார் எரிந்துபோய், கம்பிச் சுருள் கட்டக் கோயமுத்தூருக்குப் போயிருந்தது. ஐந்து நாளைக்குக் கொழுந்து எடுக்கவில்லை. கொழுந்தை வாட்டுகிற தொட்டிகள் மட்டும் மாடியில் வரிசையாகக் காலியாகக் கிடந்தன. ஒவ்வொன்றும் ஒரு லாரி நீளம். கம்பி வலை மேல் கொழுந்தைப் பரப்பிவிட்டால், அடியிலிருந்து பெரிய ஃபேன் காற்றை ஊதும். அந்த ஃபேனுக்கு ஆள் காத்தாயியின் தம்பி பாலு. நிரந்தரம் இல்லை, தினக்கூலி.

"சூட்டுக் காத்தா, பச்சைக் காத்தாக்கா?" என்று பாலு கேட்டான்.

"கொழுந்துக்கு எது விடுவ?"

"இந்தக் குளிருக்குச் சூடுதான் விடுவோம்."

"பழம்டா இது. வெந்துரும். பச்சைக் காத்தையே விடு."

கோப்பிக்காரர்கள் யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள். மெல்லிசாகப் பரப்பி வெயில் காட்டுவார்கள். கொழுந்துக்காரிகளுக்குத் தெரிந்தது கொழுந்து வேலை. கொழுந்துக்குப் போடுகிற கனத்துக்குப் பழத்தைக் கொட்டினார்கள். கொழுந்தை உதறுகிற மாதிரியே இரண்டு மணிக்கொரு தரம் பதினோரு பெண்களும் மாறி மாறிக் கைவிட்டு உதறினார்கள். ஐந்து நாள், ஐந்து ராத்திரி, குளிர்ந்த காற்று. பழம் பூசணம் பூக்கவில்லை; திராட்சை மாதிரி மெல்ல மெல்லச் சுருங்கியது. ஆறாம் நாள் வெயில் அடித்தது, தார்ப்பாய்க்குத் திரும்பியது. மோட்டாரும் வந்தது. மேனேஜருக்குத் தெரியாது. தெரிந்தால் முதலில் பாலுவின் வேலை போகும். அதனால்தான் கோப்பிக்கே தெரியும் என்று அவள் சொல்ல வேண்டியிருந்தது.

"அக்கா," என்றாள் சுமலதா. கேஸைக் குறைத்துவிட்டுக் கிட்டத்தில் வந்திருந்தாள். "டீ குடிக்கிறீங்களா?"

"கோப்பி விக்கிற இடத்துல டீயா? உன் முதலாளிக்கு வாடை ஆகாதே தாயி."

"சுமலதா, அவங்களோட என்ன பேச்சு? பதினொண்ணரைக்கு ஷிஜோ வந்துருவாரு. மேசை ரெடியா?"

"ரெடி சார்."

"அஞ்சு கிண்ணம்தானே?"

சுமலதா துணியை எடுத்து மேசையைத் துடைக்க ஆரம்பித்தாள். ஏற்கெனவே துடைத்த மேசை.

ஷிஜோ கூடலூர் மலையாளி. கீழே கொச்சியிலும் பெங்களூரிலும் நாலு காப்பிக்கடைகளுக்குக் கொட்டை தேர்ந்தெடுத்துக் கொடுப்பது அவன் வேலை. வருடத்தில் ஒரு முறை வருவான். ஐந்தாறு கிண்ணத்தை ருசி பார்ப்பான். பிடித்ததை மொத்தமாகச் சொல்லிவிட்டுப் போவான். அவன் வாயிலிருந்து நன்றாக இருக்கிறது என்பதற்கு 'கொள்ளாம்' என்ற ஒரு சொல் விழுந்துவிட்டால் கருணாகரனுக்கு அந்த வருடம் பிழைத்தது.

ஹெல்மெட்டைக் கழற்றியபடி உள்ளே வந்தவன் முதலில் பார்த்தது மூட்டையையும் மூட்டை மேல் இருந்தவளையும்தான்.

"இது யாரு, சாரே?"

"அது... நம்ம... வேலைக்கு வந்தவங்க."

"வேலைக்கு வரல தம்பி. சண்டைக்கு வந்திருக்கேன்."

ஷிஜோ சிரித்துவிட்டான். "சண்டை முடிஞ்சதா சேச்சி?"

"பாதிதான் ஆயிருக்கு. நீங்க உங்க வேலையைப் பாருங்க."

கருணாகரன் அவனைத் தோளில் கைபோட்டு மேசைக்கு நடத்திப் போனார். போனவர் நின்றுவிட்டார். மேசையில் ஆறு கிண்ணம் இருந்தது.

"சுமலதா. ஆறாவது எது?"

"நம்பர் போட்டு வச்சிருக்கு சார். பேர் பார்க்காம குடிக்கறதுதானே முறை? நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க."

"நான் கேக்கறது—"

"தண்ணி கொதிச்சிருச்சு சார். ஊத்தட்டுமா?"

வாங்குகிறவன் முன்னால் குரலை உயர்த்த முடியாது. கருணாகரன் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். காத்தாயி மூட்டை மேலிருந்து கழுத்தை நீட்டிப் பார்த்தாள். நேற்றுப் பொழுதோடு, கருக வறுக்கச் சொல்லிவிட்டு முதலாளி போன பிறகு, சுமலதா ஒரு கைப்பிடி கொட்டையைச் சின்ன ட்ரம்மில் தனியாகப் போட்டிருக்கிறாள். கொட்டை மஞ்சளாகி, பழுப்பாகி, முதல் வெடி படபடவென்று கேட்டு அடங்குவதற்குள் கீழே இறக்கிவிட்டிருக்கிறாள். இதெல்லாம் காத்தாயிக்கு அப்போது தெரியாது. ஆனால் அந்தப் பெண் ஆறாவது கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றும்போது இவள் உட்கார்ந்திருந்த மூட்டையை ஒரு தரம் திரும்பிப் பார்த்ததைக் கவனித்தாள். பார்த்ததும் ஏதோ புரிந்தது.

நாலு நிமிடம் ஊற விட்டார்கள். கிண்ணங்களில் தூள் ஆடையாகப் பொங்கி நின்றது. பிறகு ஷிஜோ குனிந்து, கரண்டியால் ஆடையை விலக்கி, மூக்கைக் கிண்ணத்துக்குள்ளேயே விட்டான். ஆடையை எடுத்துப் போட்டுவிட்டு ஒவ்வொன்றாக உறிஞ்ச ஆரம்பித்தான். சர்ரென்று சத்தம் கட்டடம் முழுக்கக் கேட்டது.

"எங்க லயத்துல இப்படி உறிஞ்சினா சோத்துத் தட்டோட வெளிய போகச் சொல்லிருவாங்க" என்றாள் காத்தாயி.

"அக்கா, சும்மா இருங்கொ" என்றார் கருணாகரன்.

ஷிஜோ ஒன்றிலிருந்து ஆறு வரை போனான். மறுபடி ஒன்று. மறுபடி ஆறு. மூன்று, ஆறு. நோட்டில் எதையோ எழுதினான், அடித்தான். ஆறாவது கிண்ணம் ஆறிப்போயிருந்தது. ஆறியதையும் இரண்டு தரம் உறிஞ்சினான்.

"இது எவிட உள்ளது, சாரே?"

கருணாகரன் கிண்ணத்தைப் பார்க்கவில்லை, ஷிஜோவின் முகத்தைப் பார்த்தார். முப்பது வருட வியாபாரம். முகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க அவருக்கு மூக்கு தேவையில்லை.

"அதா? நம்ம ஸ்பெஷல் லாட்டுங்க. ரிசர்வ்னு பேர் வெக்கலாம்னு இருக்கறேன்."

"முல்லைப்பூ மாதிரி ஒரு மணம் வருது. பின்னால ஒணங்கின ஆரஞ்சுத் தோல். ஆறினதுக்கு அப்புறம் நல்ல சாயா குடிச்ச மாதிரி நாக்கு சுத்தமா இருக்கு. கொள்ளாம். ரொம்பக் கொள்ளாம். எப்படி ஒணக்கினீங்க, எதுல காய வெச்சீங்க?"

"கால் வெச்ச வலைக் கட்டில்லங்க. வெயில் பார்த்து வெயில் பார்த்து, இருவது நாளு. நானே பக்கத்துல இருந்து—"

மூட்டை மேல் ஒரு சிரிப்பு எழுந்தது. இருமல் என்றும் சொல்லலாம்.

ஷிஜோ கரண்டியைக் கழுவித் துணியில் வைத்தான். "வலைக் கட்டில்ல ஒணங்கினதுக்கு இந்த ருசி வராது சாரே. நூறு பாத்திருக்கேன். எனக்கு அடுத்த வருசமும் இதே வேணும். எப்படிச் செஞ்சதுன்னு சத்தியம் தெரியாம வாங்கினா, அடுத்த வருசம் வேற எதோ வரும், என் கடைக்காரங்க என் கழுத்தைப் பிடிப்பாங்க. பொய்யின்னா இப்பவே விட்டுருங்க. மத்த அஞ்சுல ரெண்டை எடுத்துட்டுப் போறேன்."

கருணாகரன் சுமலதாவைப் பார்த்தார். சுமலதா காத்தாயியைப் பார்த்தாள். காத்தாயி தன் கையைப் பார்த்தாள். கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த விரல்.

சொன்னால் பாலு. சொல்லாவிட்டால் செடி. இஞ்சிக்காரனின் கடப்பாரை சனிக்கிழமை எந்த வீட்டுப் பின்பக்கத்திலிருந்து ஆரம்பிக்கும் என்றுகூட அவளுக்குத் தெரியும், பேச்சியம்மா வீடு. ஆனால் கோப்பியைக் கழிவு என்று சொன்ன மனுஷன் அதே கோப்பியைத் தானே பக்கத்தில் இருந்து காய வைத்ததாகச் சொல்கிறாரே, அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

"தம்பி, ஃபேக்டரியில காய்ஞ்ச கோப்பி அது" என்றாள்.

"என்ன ஃபேக்டரி?"

"தேயிலை ஃபேக்டரி. கொழுந்து வாட்டுற தொட்டியில போட்டோம். அடியில பச்சைக் காத்து. மழை பிடிச்சுக்கிச்சு, வேற வழி இல்ல. அஞ்சு நாளு. கொழுந்தை உதறுற மாதிரி உதறிவிட்டோம். அப்புறம்தான் வெயிலு. பதினோரு வீட்டுப் பொம்பளைங்க செஞ்சது. வலைக் கட்டிலும் கெடையாது, இவரு பக்கத்துல இருந்ததும் கெடையாது."

கருணாகரன் வாயைத் திறந்தார். "தேயிலைத் தொட்டியிலயா! அப்ப வாடை..."

"ஆமா. வாடை அங்கேயிருந்துதான். காலையிலேருந்து கேட்டீங்களே, இந்தாங்க பதிலு."

"சேச்சி, ஃபேக்டரிக்காரங்க சம்மதிச்சாங்களா?"

"கேக்கல. எந்தம்பி பாலுதான் ஃபேன் போட்டான். தினக்கூலி. மேனேஜருக்குத் தெரியாது."

"அக்கா!" சுமலதா ஓரடி முன்னால் வந்தாள். "தம்பிக்கு வேலை போயிருமேக்கா. இதை ஏன்..."

"ஏன் போகணும்? தொட்டி காலியாக் கெடந்துச்சு. கரண்டு எவ்வளவு ஆச்சோ அதுக்கு நாங்க பதினோரு பேரும் பதினோரு நாளு சும்மா கொழுந்து எடுத்துக் குடுக்கிறோம். நாளைக்குக் காலையில பெரட்டுல ஆள் கணக்கு எடுக்கிறதுக்கு முன்னாடியே ஆபீஸ் வாசல்ல நிப்பேன். மேனேஜர்கிட்ட நானே சொல்லுவேன். அடுத்த மார்கழிக்குத் தொட்டியைக் கேட்டு வாங்கிப் போடுறோம்னும் சொல்லுவேன். மாட்டேன்னா ஏன் மாட்டேன்னு அவரு சொல்லட்டும். ஒளிஞ்சு ஒளிஞ்சு காய வச்சது மழைக்குப் பயந்து. மனுஷனுக்குப் பயந்து இன்னொரு வருசம் ஒளிக்க முடியாது."

ஷிஜோ நோட்டைத் திறந்தான். "எத்தனை மூட்டை?"

"நாலு. மூணு உள்ள இருக்கு. ஒண்ணு என்கிட்ட இருக்கு."

"நாலும் எனக்கு. கருக்க வேண்டாம், சுமலதா இந்தக் கிண்ணத்துக்கு எப்படி வறுத்தாங்களோ அப்படியே. அடுத்த வருசம் காய்க்கிறதும் எனக்கு. பாக்கெட்டுல சேச்சி சொன்னது அப்படியே வரணும். நெல்லியாளம், தேயிலைத் தொட்டி, பச்சைக் காத்து."

"ஷிஜோ, கொஞ்சம் பொறுங்கொ" என்று கருணாகரன் அவனை ஓரமாக இழுக்கப் பார்த்தார். "தேயிலைத் தொட்டின்னு போட்டா சனம் என்னமோ கலப்படம்னு நெனைச்சுக்காதா? ரிசர்வ்னு போட்டா நெம்ப எடுப்பா இருக்கும். உள்ளுக்குள்ள இருக்கறது இதேதான்..."

"சாரே, இருவது நாள் வலைக் கட்டில்னு நீங்க சொன்னதை நான் மறந்துட்டேன். மறந்தது மறந்ததாவே இருக்கட்டும்."

கருணாகரனின் கை தானாக இறங்கியது. அவர் கெட்ட மனுஷனில்லை. தப்பு தன் பக்கம் என்று தெரிந்துவிட்டால் சட்டைப் பையில் பேனாவைத் தேடுவார், இருக்கிற பேனாவையே திரும்பத் திரும்பத் தேடுவார். இப்போதும் தேடினார்.

"சரிங்க. அப்படியே போட்டுரலாம். சுமலதா, வறுக்கற கணக்கை எடுத்து வை. அக்கா, ஆச்சுல்ல? எந்திரிங்கொ. மூட்டையைக் குடுங்க. கேஸ் இன்னும் எரிஞ்சிட்டுத்தான் இருக்குது."

காத்தாயி எழவில்லை.

"இன்னும் என்னங்க?"

"தம்பி வாங்குறாரு, சரி. அவரு குடிச்சாரு, சொன்னாரு. நீங்க குடிக்கலையே."

"அதுதான் ஷிஜோ சொல்லிட்டாருல்லங்க! எல்லாம் முடிஞ்சுதுல்ல!"

"எனக்கு முடிஞ்சுது. குழாயடியில முடியல." அவள் இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பெயரைத் தேடி அமுக்கினாள். "நேத்து நீங்க சொன்னதை அங்க எல்லாரும் கேட்டாங்க. நான் போய், அவரு மனசு மாறிட்டாருன்னு சொன்னா, காத்தாயி அழுது வாங்கிட்டு வந்தான்னு பேசுவாங்க. நாலு மூட்டைக்கு இரக்கப்பட்டு எடுத்துக்கிட்டாங்கன்னு பேசுவாங்க. இரக்கத்துக்கு ஒரு வருசம் செடி நிக்கும். அடுத்த வருசம் பிடுங்கிருவாங்க."

போனில் மணி அடித்தது. அவள் ஸ்பீக்கரைப் போட்டாள். அந்தப் பக்கம் காற்று, குடம் உரசுகிற சத்தம், நாலைந்து குரல் ஒன்றாக.

"சுமலதா, அந்த ஆறாம் கிண்ணத்தைக் கொண்டா தாயி."

சுமலதா ஆறாம் கிண்ணத்தைத் தொடவில்லை, அது ஆறிப்போயிருந்தது. அதே தூளில் புதிதாக ஒரு தம்ளர் போட்டு எடுத்து வந்தாள். முதலாளியின் பக்கம் திரும்பாமல் அதைக் காத்தாயி கையில் கொடுத்தாள். ஷிஜோ ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். போகிற அவசரம் அவனுக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

"காத்தாயியா?" போனில் பேச்சியம்மா. "என்னாடி ஆச்சு? என்னா சொல்றாரு? இஞ்சிக்காரன் வேற போன் போட்டுக்கிட்டே இருக்கான்."

"இரு பேச்சி. எல்லாரும் இருக்கீங்களா?"

"இருக்கோம். சரோசா வீடு மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கு."

"குழாயை மூடு. தண்ணி சத்தத்துல கேக்காது."

குழாய் மூடுகிற சத்தம் கேட்டது. குன்னூரில் அந்தப் பழைய கட்டடத்தில் வெறும் ட்ரம் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கருணாகரன் தம்ளரைப் பார்த்தார், போனைப் பார்த்தார், பேனா இருக்கிற பையைத் தொட்டுப் பார்த்தார். ஒரு எட்டு முன்னால் வந்து கையை நீட்டினார். தம்ளர் அவர் கைக்குப் போனது. ஆவி அவர் மூக்கில் ஏறியது. முப்பது வருடத்து மூக்கு என்ன சொன்னதோ, அவர் கண்ணை மூடி ஒரு வாய் உறிஞ்சினார். விழுங்கினார். இன்னொரு வாயும் உறிஞ்சினார், யாரும் சொல்லாமலே.

காத்தாயி போனை அவர் வாய்க்கு நேராகப் பிடித்தாள்.

"நேத்து கழிவுன்னு சொன்ன அதே வாயால சொல்லுங்க முதலாளி, செடியைப் பிடுங்கட்டுமா, வைக்கட்டுமா?"